மர ஸ்டாக்கும் 15 மில்லிமீட்டர் கட்டையும்

அறுபது தோட்டாவில் நாற்பது வரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. நாற்பதைத் தாண்டினால் பிடரியில் யாரோ கயிறு முறுக்குவது போலத் தொடங்கும். ஐம்பதில் வலது கண் கலங்கும். கடைசிப் பத்தைச் சுட்டுவிட்டு எழும்போது இலக்கு அட்டை இரண்டாகத் தெரியும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆறு சீரிஸ் (ஒவ்வொன்றும் பத்துத் தோட்டா, நூறு புள்ளிக்கு) இப்படி இருந்தன: 97, 96, 96, 95, 93, 92. மொத்தம் 569. முதல் நாலையும் கடைசி இரண்டையும் வேறு வேறு ஆள் சுட்டது போல இருந்தது.

நான் சுடுவது 50 மீட்டர் ப்ரோன். பாயில் குப்புறப் படுத்து, இடது கையில் ஸ்லிங் (துப்பாக்கியைத் தாங்கும் வார்) மாட்டி, .22 துப்பாக்கியால் 60 தோட்டா. கோயம்புத்தூரில் ஒரு கிளப். வயது 47, கண்ணாடி போட்ட கண். துப்பாக்கி என்னுடையது இல்லை, கிளப்புடையது: அன்ஷூட்ஸ் 54 வரிசை, பழைய மர ஸ்டாக் (தோளிலும் கன்னத்திலும் பதியும் உடல் பகுதி). கிளப் வாசலைத் தாண்டி அது வெளியே வராது. அதனால் கீழே சொல்லும் எல்லா அளவும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றி, சேஃப்டி ஃபிளாக் (துப்பாக்கி காலி என்று காட்டும் கொடி) செருகி, கோச் பக்கத்தில் இருக்கும்போது ரேஞ்சிலேயே எடுத்தவை.

ஒரு வருடமாகக் கழுத்து வலிக்கு நான் கண்டுபிடித்த காரணங்கள்: தலையணை, மோட்டார் சைக்கிள், வயது. கோச் சார்தான் ஒருநாள் நான் படுத்திருக்கும்போது பக்கவாட்டில் நின்று கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார்.

"என்னங்க தம்பி, குறி பாக்கறீங்களா, இல்ல கட்டிலுக்கு அடியில செருப்புத் தேடறீங்களா?"

படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. தலை முன்னால் கவிழ்ந்து, கன்னம் ஸ்டாக்கில் நசுங்கி, கருவிழி மட்டும் மேலே உருண்டு புருவத்துக்கு அடியிலிருந்து பார்க்கிறது. கண்ணாடியின் மேல் விளிம்பு சரியாகப் பார்வைக் கோட்டில் நிற்கிறது. நான் வில்லையின் நடுவால் பார்க்கவில்லை, மேல் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், ஓரத்தால் பார்த்தால் எதுவும் கொஞ்சம் இடம் மாறித்தான் தெரியும், கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும்.

காரணம் எளிது. துப்பாக்கியின் சைட், அதாவது குறி பார்க்கும் கருவி, குழாயின் மையக் கோட்டிலிருந்து 33 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தோளில் பட் பிளேட் (ஸ்டாக்கின் பின் தகடு) பதிந்தபின் என் தலை இயல்பாக நிற்கும் இடத்தில் கண் அதைவிட மேலே இருக்கிறது. மிச்ச தூரத்தைக் கழுத்து இறங்கி ஈடுகட்டிக்கொண்டிருந்தது. கண் சைட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. சைட்டைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நடுவில் ஒரு விஷயம். "ப்ரோனைத்தான் ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் படுத்துக்கொண்டே சுடுகிறீர்கள்?" என்று கிளப்பில் சின்னப் பையன்கள் கேட்பார்கள். உண்மைதான், 2016 ரியோதான் கடைசி. ஆனால் உலகப் போட்டிகளில் இன்னும் இருக்கிறது. 2010இல் முனிச்சில் தேஜஸ்வினி சாவந்த் உலகப் பட்டம் வென்றது இந்த ப்ரோனில்தான். 2012 லண்டனில் ஜாய்தீப் கர்மாகர் நாலாவதாக வந்து ஒரே ஒரு படியில் பதக்கத்தை விட்டதும் இதில்தான். அது போகட்டும், இந்த வயதில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து சுடச் சொன்னால் எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டும்.

படத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்கு வந்த யோசனை தப்பானது: ஸ்டாக்கை மாற்றிவிடலாம். 54 இயந்திரம் இரண்டு திருகில் ஸ்டாக்கோடு பிணைந்திருக்கிறது. அவிழ்த்தால் வேறு ஸ்டாக்கில் உட்கார்ந்துவிடும். கிளப்பில் மாநிலப் போட்டிக்குப் போகும் ஒரு தம்பி புதிதாக ஒன்று வாங்கிவிட்டு, தன் பழைய அலுமினிய ஸ்டாக்கைச் சும்மா வைத்திருந்தான். "எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்கண்ணா" என்றான்.

மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன். அலுமினிய ஸ்டாக்கில் திருகாத இடம் கிடையாது. சீக் பீஸ் (கன்னம் வைக்கும் பகுதி) மேலே கீழே போகும், உள்ளே வெளியே போகும், சாயும். பட் பிளேட் நீளும், இறங்கும், பக்கவாட்டில் நகரும், வளையும். கைப்பிடி சுழலும். முதல் வாரம் சொர்க்கம். இரண்டாம் வாரம் போன வாரத்து அளவு என்ன என்று மறந்துவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு மோசமான சீரிஸுக்கு அப்புறம் பட் பிளேட்டை நகர்த்தினேன், அதைச் சரிக்கட்ட சீக் பீஸை நகர்த்தினேன், அதைச் சரிக்கட்ட ஹேண்ட் ஸ்டாப்பை (இடது கையை நிறுத்தும் தடுப்பு). மளிகைக் கடைத் தராசில் இரண்டு தட்டிலும் மாறி மாறிக் கல் வைத்த கதை. குறைந்தது ஒரு நோட்டுப் புத்தகமாவது வைத்திருந்தால் பிழைத்திருப்பேன்.

இன்னொன்று, வெயில். எங்கள் ரேஞ்சில் சுடும் இடத்துக்கு மேலே கூரை உண்டு, ஆனால் பதினோரு மணிக்கு மேல் தரை அனல் கக்கும். அலுமினியம் சூடேறிக் கன்னத்தில் ஒட்டும். தடித்த ஜாக்கெட்டுக்குள் வியர்வை வேறு. மரம் அப்படிச் செய்வதில்லை. மரத்துக்கு வேறு குணம் இருக்கிறது, மழைக்காலத்தில் உப்பும், திருகின் இறுக்கம் மாறும். அதனால் சாரல் மாதங்களில் வாரம் ஒருமுறை டார்க் ரெஞ்சால் இரண்டு திருகையும் 5 நியூட்டன் மீட்டருக்குச் சரிபார்க்கிறோம். இந்தத் தொல்லை எனக்குச் சம்மதம், கன்னம் சுடுவது சம்மதமில்லை.

கடைசியில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், படுத்துச் சுட ஸ்டாக்கிடம் எனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று. பட் பிளேட் நீளத்திலும் உயரத்திலும் நகர வேண்டும். சீக் பீஸ் உயர வேண்டும். அடியில் ரெயில் இருந்து அதில் ஹேண்ட் ஸ்டாப் ஓட வேண்டும். ட்ரிகர் விரல் கோணாமல் நேராகப் பின்னால் வர வேண்டும். அவ்வளவுதான். பழைய மர ஸ்டாக்கில் இது எல்லாமே இருந்தது. இல்லாதது, சீக் பீஸைப் பக்கவாட்டில் நகர்த்தும் வசதி மட்டும். அதற்கு 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு தோல் பட்டை வெட்டி ஒட்டினேன், என் மெலிந்த கன்னத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. அலுமினிய ஸ்டாக்கைத் துடைத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மூன்று நிலையிலும் (மண்டியிட்டு, படுத்து, நின்று) சுடுகிறவனுக்கு அது வேண்டும், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு அளவு. எனக்கு ஒரே அளவு போதும், ஆனால் அந்த ஒன்று சரியாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. கோச் சார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சைட்டைக் கழற்றிவிட்டுப் படுக்க வேண்டும். "சைட் இருந்தா கண்ணு அதைத் தேடிட்டே போகும். முதல்ல உடம்பு உக்காரட்டும்."

சைட் இல்லாத துப்பாக்கியோடு படுத்தேன். இடது முழங்கை, இடுப்பு, வலது முழங்கால் மடக்கு எல்லாம் அமைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, தலையை அதன் கனத்தோடு சீக் பீஸ் மேல் விட்டேன். அழுத்தவும் இல்லை, தூக்கவும் இல்லை. சார் சீக் பீஸை இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கினார். ஒரு உயரத்தில் பிடரி நரம்பு தளர்ந்ததை நானே உணர்ந்தேன். நெற்றி செங்குத்தாக வந்திருந்தது. அதே நேரம் பட் பிளேட்டை ஸ்டாக்கில் 6 மில்லிமீட்டர் கீழே இறக்கினார். பட் பிளேட் கீழே போனால் துப்பாக்கி மேலே வரும், தலை அந்த அளவுக்குக் குனிய வேண்டியதில்லை. துப்பாக்கி மேலே வந்தால் இடது கையும் உயர வேண்டுமே, ஹேண்ட் ஸ்டாப் ஒரு விரற்கடை பின்னால் வந்தது. ஸ்லிங் மாட்டிய முன்கை தரையோடு குறைந்தது 30 டிகிரி கோணத்தில் நிற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. முன்பு நான் அந்த எல்லையில் ஒட்டிக்கொண்டிருந்தேன், இப்போது தாராளமாகத் தாண்டியாயிற்று.

பிறகு அளவு. துப்பாக்கியின் வலது பக்கம், குழாயின் மையத்துக்கு நேராக ஒரு இரும்பு ஸ்கேலின் பூஜ்யம் வரும்படி ஒட்டினோம். சார் மூன்று மீட்டர் தள்ளிப் போய், குழாயின் உயரத்துக்குக் கைபேசியை இறக்கி, ஜூம் வைத்து எடுத்தார். கிட்டத்தில் நின்று எடுத்தால் ஸ்கேலும் கண்ணும் வேறு வேறு ஆழத்தில் இருப்பதால் அளவு ஏமாற்றும். கண்ணை மூடி, தலையை வைத்து, திறந்து, படம். இப்படிப் பத்து தடவை, ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி மறுபடி வைத்து. கருவிழியின் நடு 47க்கும் 51க்கும் இடையில் வந்தது, பெரும்பாலும் 49. சைட் 33. வித்தியாசம் 16. அந்த அளவுக்கு இரண்டு சைட்டுக்கும் அடியில் கட்டை வைத்து உயர்த்த வேண்டும்.

நேராக அலுமினியத்தில் வெட்டக் கொடுத்திருப்பேன். சார் விடவில்லை. வீட்டு வேலைக்கு வந்திருந்த ஆசாரியிடம் தேக்குத் துண்டில் 10, 15, 22 என்று மூன்று ஜோடிக் கட்டைகள் அறுத்து வாங்கினேன். அவர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "குழந்தை விளையாடறதுக்குன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். ரேஞ்சில் அவற்றை இருபக்கமும் ஒட்டும் டேப்பாலும் ரப்பர் பேண்டாலும் கட்டி, மேலே முன் சைட், பின் சைட். இது சுடுவதற்கு இல்லை, வெறும் துப்பாக்கியோடு படுத்துப் பார்ப்பதற்கு மட்டும்.

பின் சைட்டின் துளை வழியாகப் பார்க்கும்போது முன் சைட்டின் குழல் நடுவில் வட்டமாக நிற்க வேண்டும். கண் தாழ்வாக இருந்தால் குழல் துளையில் கீழே இறங்கித் தெரியும், கண் மேலே இருந்தால் மேலே ஏறித் தெரியும். கட்டையே இல்லாதபோது கண்ணைத் திறந்ததும் குழல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், நான் தலையைக் கவிழ்த்து நடுவுக்குக் கொண்டுவருவேன். பல வருடம் இதைத்தான் செய்திருக்கிறேன். 10 கட்டையிலும் கொஞ்சம் மேலே. 15இல் திறந்த கணமே நடு. 22ஐ ஆசைப்பட்டு வைத்துப் பார்த்தேன், ஏனென்றால் படங்களில் பெரிய வீரர்களின் சைட் கோபுரம் மாதிரி நிற்கும். அதற்கு சீக் பீஸை இன்னும் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் கன்ன எலும்பு விலகி, தாடை மட்டும் மரத்தில் படுகிறது. தாடை நிலையான இடமா? பல்லைக் கடித்தால் மாறும், எச்சில் விழுங்கினால் மாறும். பத்து தடவை தலை வைத்ததில் ஆறு தடவை குழல் ஆறு இடத்தில் நின்றது. உயரத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது, அது தாடையில் இருக்கிறது. 15 என்று முடிவு செய்தேன்.

வெளிநாட்டு நிறுவனங்கள் இப்படிப்பட்ட சைட் உயர்த்தும் கட்டைகளை அழகாகச் செய்து விற்கின்றன. வரியும் தபாலும் சேர்ந்து வரும் விலையைப் பார்த்ததும், கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதை வெளியூரில் வாங்குவது திருநெல்வேலிக்காரன் அல்வாவை இறக்குமதி செய்வது போல என்று பட்டது. கணபதி பக்கம் ஒரு பட்டறை. பின் சைட்டின் அடிப்பகுதியை மட்டும் கழற்றி எடுத்துப் போனேன். துப்பாக்கியில் சைட் உட்காரும் ரெயில் 11 மில்லிமீட்டர் அகலம், இரு பக்கமும் உள்வாங்கிச் சரிந்திருக்கும். கட்டையின் அடியில் அந்த ரெயிலைக் கவ்வும் வாய் வேண்டும், தலையில் அதே 11 மில்லிமீட்டர் ரெயில் வேண்டும், நடுவில் சரியாக 15 உயரம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"லேத்துல ஆகாதுங்க, மில்லிங்ல போடோணும்" என்றார் பட்டறை அண்ணன். "எதுக்குங்க இது, கேமராவுக்கா?" ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். துப்பாக்கி என்று சொன்னதும் பட்டறையே கூடிவிட்டது, டீ வந்தது, ஒரு மணி நேரம் போனது.

நாலு நாளில் கட்டைகள் கைக்கு வந்தன. பளபளவென்று இருந்தன, பார்த்ததும் பிடித்துவிட்டது. வெர்னியர் வைத்துப் பார்க்காமல் நேராக ரேஞ்சுக்குப் போனேன். அது என் தவறு.

கணக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு சைட்டையும் ஒரே அளவு, 15 மில்லிமீட்டர், உயர்த்தினால் பார்வைக் கோடு அப்படியே இணையாக மேலே போகும். குழாய் இருந்த இடத்தில் இருக்கும். ஆகவே 50 மீட்டரில் குண்டு 15 மில்லிமீட்டர் கீழே விழ வேண்டும். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர், ஆக இரண்டு வளையத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் தோட்டாவைச் சுட்டு டெலஸ்கோப்பில் பார்த்தேன். அட்டையில் ஓட்டையே இல்லை. இரண்டாவது, மூன்றாவது. அப்புறம்தான் சார் கண்ணுக்குப் பட்டது: வளையங்களுக்கே வெளியே, இடது கீழ்ப் பக்க வெள்ளையில் மூன்று ஓட்டைகள். மூன்றும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும், அவ்வளவு நெருக்கம். குரூப் அருமை, இடம்தான் வேறு ஊர்.

வெர்னியரை அப்போது எடுத்தேன். முன்கட்டை 15.1, பின்கட்டை 14.8. வெறும் 0.3 வித்தியாசம்தானே என்று தோன்றும். எங்கள் துப்பாக்கியில் இரண்டு சைட்டுக்கும் இடையே 80 சென்டிமீட்டர். 50 மீட்டரை அதால் வகுத்தால் 62.5. சைட்டில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் இலக்கில் 62.5 மில்லிமீட்டர். 0.3க்கு 19. எதிர்பார்த்த 15உம் இந்த 19உம் சேர்ந்து 34 மில்லிமீட்டர் தாழ்வு. கீழே விழுந்ததற்குக் கணக்கு கிடைத்துவிட்டது. இடது பக்கம் ஏன் 7 சென்டிமீட்டருக்கு மேல்?

சார் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ரெயிலின் மேல் சின்ன ரசமட்டம் வைத்து நேராக்கினார். அதே ரசமட்டத்தை முன்கட்டையின் தலையில் வைத்தார். குமிழி ஒரு பக்கம் ஓடியது. கட்டையின் வாய் கோணலாக வெட்டப்பட்டிருந்தது, சுமார் 2 டிகிரி. கண்ணுக்குத் தெரியாத கோணல். அதன் மேல் நிற்கும் முன் சைட்டின் மையம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. முன் சைட் வலது பக்கம் போனால் குண்டு இடது பக்கம் போகும். 62.5ஆல் பெருக்கிப் பாருங்கள்.

பின் சைட்டைத் திருகித் திருகி இதை நேராக்கிவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. திருகு ஏறக்குறைய முட்டும் வரை போய்விடும், காற்று அடிக்கும் நாளில் திருத்த இடம் இருக்காது. அதோடு முன் சைட்டில் மாட்டும் ரசமட்டமும் பொய் சொல்லும். கட்டைகளை எடுத்துக்கொண்டு திரும்பப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் முகம் சுருங்கியது. பையன் வைஸில் கட்டையைக் கட்டும்போது அடியில் ஒரு சுருள் சீவல் சிக்கியிருக்கும் என்றார். அதுதான் என்று நானும் நம்புகிறேன். இரண்டாவது ஜோடியை அவரே நின்று போட்டார், இரண்டு கட்டைகளையும் ஒரே நீளத் துண்டாக வெட்டிவிட்டு அப்புறம் பாதியாக அறுத்தார். அப்படி வெட்டினால் இரண்டின் உயரமும் ஒன்றாகத்தானே இருக்கும்! இந்த யோசனை எனக்கு முதலில் வந்திருக்க வேண்டும். வெர்னியரில் 15.00, 15.02.

இந்த முறை முதல் தோட்டா ஆறு மணித் திசையில், 9க்கும் 8க்கும் இடையிலுள்ள கோட்டருகே. கணக்கு சொன்ன இடம். பின் சைட்டைக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றியதும் நடுவுக்கு வந்துவிட்டது.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன், கிளப்பில் ஒரு மூத்த உறுப்பினர் விடவில்லை. "சைட்டை இவ்வளவு தூக்கினா, துப்பாக்கி கொஞ்சம் சாஞ்சாலே குண்டு எங்கியோ போயிரும்" என்றார். இதை நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் பாதி நம்பினேன். அன்று இரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

.22 குண்டு 50 மீட்டர் போய்ச் சேர ஏறக்குறைய 0.16 வினாடி ஆகிறது. அதற்குள் அது சுமார் 12 சென்டிமீட்டர் விழுந்துவிடுகிறது. அதனால் குறி சரியாக வைத்த துப்பாக்கியில் குழாயின் கோடு இலக்கின் மையத்துக்கு 12 சென்டிமீட்டர் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். துப்பாக்கியை நீங்கள் சாய்த்தால், பார்வைக் கோட்டை அச்சாக வைத்து, இந்த 12 சென்டிமீட்டர் ஒரு கடிகார முள் போலச் சாய்கிறது. 1 டிகிரிக்கு 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில். 4 டிகிரிக்கு 8 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழு வளையம். இந்தக் கணக்கில் சைட்டின் உயரம் எங்கே வருகிறது? வரவே இல்லை. குறி வைத்த தூரத்தில் சுடும்வரை, சைட் 33இல் இருந்தாலும் 48இல் இருந்தாலும் விலகல் ஒன்றுதான்.

தாள் சொல்வதை நம்பாதவர்களுக்காக ரேஞ்சிலும் செய்து பார்த்தோம். கட்டை இல்லாமல் ஒரு பத்து, கட்டையோடு ஒரு பத்து, இரண்டிலும் ரசமட்டத்தை 4 டிகிரிக்குச் சாய்த்து வைத்துவிட்டு. இரண்டு குரூப்பும் ஒரு வளைய அளவுக்கே நகர்ந்தன. மூத்தவர் அட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காத்து இல்லை, அதான்" என்றார்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு மூலையில் உண்மை இருக்கிறது, அதைப் பிறகுதான் கவனித்தேன். துப்பாக்கி குழாயை அச்சாக வைத்துச் சாய்ந்தால், உயரமான சைட் அதிகமாக நகரும். 4 டிகிரியில் பழைய சைட் கண்ணுக்கு முன்னால் 2.3 மில்லிமீட்டர் நகர்ந்தது, இப்போது 3.3. பின் சைட்டின் துளையே 1.1 மில்லிமீட்டர்தான். முன்பு துப்பாக்கி லேசாகச் சாய்ந்தால் எனக்குத் தெரியாது. இப்போது குழலின் ஓரத்தில் உடனே பிறை மாதிரி ஒரு இருட்டு எட்டிப் பார்க்கிறது. எனக்கு இது ஒரு எச்சரிக்கை மணியாகவே பயன்படுகிறது.

ஒரு மாதம் போட்டி எதற்கும் போகாமல் சுட்டேன். ஒரே பேட்ச் தோட்டா, ஒரே நேரம், ஞாயிறு காலை ஏழரை. முதல் மூன்று வாரத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை, கழுத்து மட்டும் வலிக்கவில்லை. பழைய பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. தலை தானாகக் கவிழும், குழல் துளையில் கீழே இறங்கும், அப்போது தலையைத் தூக்கி மறுபடி வைப்பேன். நாலாவது வாரம்: 97, 97, 98, 96, 97, 97. மொத்தம் 582. முதல் நாற்பது தோட்டாவில் வித்தியாசம் வெறும் 4 புள்ளி. மிச்ச 9 புள்ளி, கடைசி இருபதில் இருந்தது. ஸ்டாக்கில் ஏறிய சீக் பீஸும் சைட்டுக்கு அடியில் நிற்கும் கட்டையும் என் சுடும் திறமைக்கு எதுவும் சேர்த்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். இருந்ததைக் கடைசி வரைக்கும் விட்டுவைத்தன.

சில சில்லறைத் தொந்தரவுகள் மிச்சம். அலுமினியத்தின் வெள்ளைப் பளபளப்பு மாலை வெயிலில் கண்ணைக் கூசியது, கறுப்பு அனோடைசிங் செய்யக் கொடுத்தேன். வந்தபோது கறுப்பு. இரண்டு மாத வெயிலில் ஊதாவாகிவிட்டது. கிளப்பில் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், கத்திரிக்காய்.

இன்னொன்று சீக் பீஸ். அது இப்போது இருக்கும் உயரத்தில் போல்ட்டை முழுதாக வெளியே உருவ முடியாது, மரத்தில் முட்டும். குழாயைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் சீக் பீஸை இறக்கி, முடித்தபின் பழைய உயரத்துக்கே ஏற்ற வேண்டும். அடையாளத்துக்கு அதன் தூணில் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். துப்பாக்கி துடைக்கும் சால்வென்ட் பட்டு முதல் தடவையே அழிந்துவிட்டது, அன்றைக்குத் தோராயமாக ஏற்றிவிட்டுச் சுட்டதில் முதல் சீரிஸ் 91. இப்போது நெயில் பாலிஷை நம்புவதில்லை. தூணுக்கு அடியில் செருகும் 27.5 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைப் பட்டறை அண்ணனே வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதைத் தூணுக்குப் போட்டுவிட்டு சீக் பீஸ் அதில் உட்காரும் வரை இறக்கினால் போதும், திருகை முடுக்கிவிடலாம்.